விமானம் தாமதம், வேன் வெளியே நிற்கிறது: நம் கரைக்காரர்களின் அனுபவங்கள்

கீழக்கரை (துபாயிலிருந்து)

நம் இராமநாதபுரம் கரையிலிருந்து வெளிநாடு போய்வருகிறவர்களுக்கு விமான நிலையம் என்றால் மதுரை, திருச்சி, சென்னை ஆகிய மூன்றில் ஒன்றுதான். உச்சிப்புளியில் ஓடுதளம் உண்டு. அது கடற்படையின் பருந்து தளம், நம் பெட்டிகளுக்கு அங்கே இடமில்லை. எனவே விமானம் தாமதமானால் அதில் வருகிறவன் மட்டும் காத்திருப்பதில்லை. தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு வேன் பிடித்து வந்து வெளியே நிற்கும் வாப்பா, மச்சான், தூங்கி விழும் பிள்ளைகள், காத்திருப்புக்குத் தனியாகப் பணம் கேட்கும் ஓட்டுநர் எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள். என் உறக்கம் கெட்டால் கெடட்டும். எனக்குப் பதற்றம் வருவது இவர்களை நினைத்துத்தான்.

2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் பெய்த மழை பலருக்கும் நினைவிருக்கும். 1949இல் மழை அளவைப் பதியத் தொடங்கிய பிறகு அமீரகம் கண்ட மிகப் பெரிய மழை. அன்றிரவுதான் எனக்கு டிக்கெட். தேராவில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், டாக்சி கிடையாது. எப்படியோ போய்ச் சேர்ந்தால் உள்ளே தரை முழுவதும் மனிதர்கள். திரையில் முதலில் தாமதம் என்றிருந்தது, பிறகு ரத்து என்று மாறியது. கவுண்டரில் இருந்த பையன் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வான்? அவனிடம் கத்தியவர்களுக்கும் வேலை நடக்கவில்லை, கெஞ்சியவர்களுக்கும் நடக்கவில்லை. எனக்கு நடந்தது, ஊரில் டிக்கெட் எடுத்துக் கொடுத்த டிராவல்ஸ்காரரைப் போனில் பிடித்ததால். முகவர் வழியாக எடுத்த டிக்கெட்டை அவரே தம் கணினியில் வேறு நாளுக்கு மாற்றிக் கொடுக்க முடியும். வரிசையில் நின்றபடியே அவர் அனுப்பிய புதிய டிக்கெட் வந்து சேர்ந்தது. கொஞ்சம் மலிவு என்று முகம் தெரியாத இணையதளங்களில் டிக்கெட் எடுக்கிற தம்பிகள் இதை யோசிக்க வேண்டும்.

மழை, புயலுக்கெல்லாம் இழப்பீடு கேட்க வழியில்லை. சாதாரணத் தாமதம் வேறு. இந்திய நிறுவனத்தின் விமானமாக இருந்து, நான்கு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்க இடமும் தர வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இது. ஆனால் வாய் திறந்து கேட்டவர்களுக்குத்தான் கூப்பன் வரும். அடக்கமாக உட்கார்ந்திருப்பவர் பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. இரண்டு மணி நேரத் தாமதம் திடீரென்று பத்து மணி நேரமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரங்களில் விமானத்தில் கோளாறே இருக்காது. விமானிகள் தொடர்ச்சியாக இத்தனை மணி நேரம்தான் பணியில் இருக்கலாம் என்று வரம்பு இருக்கிறது. தாமதத்தில் அது முடிந்துவிட்டால் வேறு குழு வந்தாக வேண்டும். அறிவிப்பில் இதைச் சொல்ல மாட்டார்கள், 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்று முடித்துவிடுவார்கள். அதனால் ஊரிலிருந்து வேன் கிளம்ப வேண்டியது நான் இங்கே விமானத்துக்குள் உட்கார்ந்து கதவு மூடிய பிறகுதான் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். நான் பறக்கும் நேரமும் அவர்கள் திருச்சிக்கு வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். உம்மா மட்டும் இன்றுவரை இதற்குச் சம்மதிக்கவில்லை.

ஏர்வாடி (தம்மாமிலிருந்து)

கீழக்கரைக் காக்கா (அண்ணன்), தாமதத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். இறங்கிய பிறகு சுங்கத்தில் நடப்பதைச் சொல்லவில்லையே! கடவுச்சீட்டில் இராமநாதபுரம் என்று பார்த்ததும் அதிகாரியின் குரலே மாறியது. எத்தனை நாள் இருந்தீர்கள், பெட்டியைக் கட்டியது யார், யாராவது ஏதாவது கொடுத்துவிட்டார்களா என்று கேள்வி மேல் கேள்வி. என் பெட்டியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். திறந்தால் பால்பவுடர், பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், கம்பளி. ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துவைத்தார்கள். திரும்ப அடுக்க யாரும் வரவில்லை.

நம் கடற்கரையில் தங்கம் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது, அதனால் சந்தேகம் வருவது எனக்கும் புரிகிறது. அதற்காகக் கைக்குழந்தையோடு நிற்பவளிடம் அப்படிப் பேச வேண்டியதில்லை. நானும் அவரிடம் அதைச் சொன்னேன். மேலதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

நகை விஷயத்தில் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் பெண் 40 கிராம் வரையும், ஆண் 20 கிராம் வரையும் நகை கொண்டுவரத்தான் தீர்வைச் சலுகை. விசிட் விசாவில் போய்த் திரும்புகிறவர்களுக்கு இது கிடையாது. ஊரிலிருந்தே கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு போகும் நகைக்கு, புறப்படும் அன்றே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது "இது என் கல்யாண நகை" என்று அழுவதைவிட அந்தக் காகிதம் நன்றாகப் பேசும். புறப்படும் அவசரத்தில் வீட்டு ஆண்கள் அதெல்லாம் வேண்டாம் என்பார்கள். கேட்காதீர்கள்.

உம்ரா முடித்து வருகிறவர்கள் ஜம்ஜம் தண்ணீரைத் துணிப் பெட்டிக்குள் ஒளித்துவைக்க வேண்டாம். ஜித்தாவில் ஸ்கேனரில் தெரிந்துவிடும், எடுத்துவிடுவார்கள். அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கும் 5 லிட்டர் கேனை வாங்கித் தனியாகக் கொடுங்கள்.

தங்கச்சிமடம்

நீங்கள் எல்லோரும் டிக்கெட் எடுத்துப் பறந்தவர்கள். என் அண்ணன் டிக்கெட் எடுக்காமல் பறந்தவர், அதையும் சொல்கிறேன்.

மீன்பிடிக்கப் போனவரை நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படையினர் விசைப்படகோடு பிடித்துக்கொண்டு போனார்கள். யாழ்ப்பாணத்தில் சிறை, பிறகு விடுதலை, பிறகு வெளிநாட்டினரைத் திருப்பி அனுப்பும்வரை வைத்திருக்கும் மிரிஹானா முகாம். விடுதலை என்றதும் நாங்கள் வீட்டில் அழுது தீர்த்துவிட்டோம். ஆள் வந்து சேர அதற்குப் பிறகும் காத்துக் கிடந்தோம். கடலுக்குப் போகிறவன் கடவுச்சீட்டா எடுத்துக்கொண்டு போவான்? கொழும்பில் இந்தியத் தூதரகம் அவசரகாலச் சான்றிதழ் கொடுத்தால்தான் விமானத்தில் ஏற முடியும். கூடப் பிடிபட்ட ஒருவருடைய பெயரில் ஓர் எழுத்து ஆதார் அட்டையோடு ஒத்துவரவில்லை என்று அவருடைய காகிதம் மட்டும் பின்தங்கியது. அவரை விட்டுவிட்டு ஏற மாட்டோம் என்று மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்களாம்.

பாதுகாப்புச் சோதனையில் கையை விரித்து நிற்கச் சொன்னபோது அண்ணனுக்குக் கைது செய்த அன்று நின்றதுதான் நினைவுக்கு வந்ததாம். சோதிக்க ஒன்றுமில்லை, கைலி, சட்டை, ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் சிறையில் கொடுத்த சோப்பு. பக்கத்து வரிசையில் ஒருவர் பெரிய சென்ட் பாட்டிலைப் பிடுங்கிவிட்டார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் கடலைத் தாண்ட அண்ணன் கொழும்பிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கே விசாரணை, சுங்கம், கேமராக்காரர்கள் எல்லாம் முடிந்து, மீன்வளத்துறை ஏற்பாடு செய்த வேனில் 500 கிலோமீட்டருக்கு மேல் வந்தார். முதல் விமானப் பயணம் எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஜன்னல் இருக்கை கிடைக்கவில்லை என்றார். படகு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தொண்டி

தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு என் கதை சிறியதாகத் தெரிகிறது. பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் கணினிகள் படுத்துவிட்டன அல்லவா, அன்று நான் மும்பையில் இறங்கி மதுரைக்கு மாற வேண்டும். பேனாவால் பெயரும் இருக்கை எண்ணும் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், மளிகைக் கடைச் சீட்டு மாதிரி. நான் மதுரை வந்தேன், பெட்டி வரவில்லை. இதில் ஒரு விஷயம்: வேறு ஊரில் மாறி வரும்போது, இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடியேற்றச் சோதனையும் சுங்கமும் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அங்கே ஒட்டிய சீட்டின் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார்ப் படிவம் எழுதி நகல் வாங்கிவிடுங்கள். பெட்டி உடைந்திருந்தால் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள், தாமதமாக வந்தால் கிடைத்த 21 நாட்களுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். மாண்ட்ரியல் உடன்படிக்கையில் உள்ளது. "வீட்டுக்குப் போங்கள், நாங்கள் கூப்பிடுவோம்" என்பதை நம்பி வந்த ஒருவர் எங்கள் தெருவில் இன்னும் தம் பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

பனைக்குளம்

மலேசியாவிலிருந்து மச்சான் அடுத்த வாரம் சென்னையில் மதியம் இறங்குகிறார். அன்று மாலை ராமேஸ்வரம் போகும் சேது எக்ஸ்பிரஸ் ரயிலில் டிக்கெட். விமானம் தாமதமானால் எழும்பூர் போய்ச் சேர முடியுமா?

தொண்டி

எழும்பூருக்கு ஏன் போக வேண்டும்? வண்டி தாம்பரத்தில் நிற்கும். ஏறும் நிலையத்தைத் தாம்பரம் என்று இப்போதே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் நிலையம். அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் பக்கம்தான். சேது போய்விட்டால் அதற்குப் பிறகு போட் மெயில் ரயில் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள், அரசு பஸ் கிடைக்கும். பெட்டி எத்தனை கொண்டுவருகிறார்?