திருவருகைக் காலத்திலேயே கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடலாமா?

கேள்வி – திருவழிபாட்டுக் குழு உறுப்பினர்

மரியே வாழ்க. எங்கள் பங்கின் திருவழிபாட்டுக் குழுவில் மூன்று ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தில், இரண்டாம் ஞாயிறு வருவதற்குள் பீடத்தைச் சுற்றி விண்மீன்களும் வண்ண விளக்குகளும் ஏறிவிடுகின்றன. பாடகர் குழுவோ வருகைப் பாடலுக்கே கிறிஸ்து பிறப்புப் பாடலை எடுத்துவிடுகிறது. மீட்பர் பிறந்துவிட்டார் என்று நாங்கள் பாடி முடித்த சற்று நேரத்தில், இக்காலத்துக்குரிய ஊதா உடை அணிந்த பங்குத்தந்தை "ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்குங்கள்" என்ற நற்செய்தியை வாசிக்கிறார். சென்ற ஆண்டு கூட்டத்தில் இதைச் சொன்னபோது, மக்களின் மகிழ்ச்சியை நான் தடுப்பதாக ஒருவர் வருத்தப்பட்டார். அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது. திருஅவையின் விதி உண்மையில் என்ன சொல்கிறது? யாரையும் புண்படுத்தாமல் அதை எப்படிக் கடைப்பிடிக்கலாம்?

மறுமொழி – ஓய்வுபெற்ற கோவில் பணியாளர்

உங்கள் உள்ளுணர்வு சரியானதே. திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 305-ஆம் எண் பீடத்துப் பூக்களைப் பற்றியும், 313-ஆம் எண் இசைக்கருவிகளைப் பற்றியும் ஏறத்தாழ ஒரே சொற்களில் பேசுகின்றன: இக்காலத்தில் இரண்டிலும் அளவு வேண்டும், ஆண்டவரின் பிறப்பின் நிறைவான மகிழ்ச்சியை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடக் கூடாது. ஆகவே பூக்களுக்கும் இசைக்கும் தடை இல்லை. தவக்காலத்தில் அல்லேலூயா நின்றுவிடுகிறது. திருவருகைக் காலத்தில் அது தொடர்கிறது. ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே கடவுளுக்கு மாட்சி' என்னும் வானவர் கீதம் மட்டும் விடப்படுகிறது. மூன்றாம் ஞாயிறன்று, வழக்கம் உள்ள இடங்களில், இளஞ்சிவப்பு உடையும் அணியலாம்.

இன்னொன்றையும் உங்கள் குழுவினரிடம் சொல்லி வையுங்கள். நவம்பர் 30-க்கு மிக அருகில் உள்ள ஞாயிறன்று தொடங்குவதால் இக்காலத்தின் நீளம் ஆண்டுதோறும் மாறும். 22 நாள்களாகவும் இருக்கலாம், 28 நாள்களாகவும் இருக்கலாம். 2023-இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24 ஆக அமைந்ததால், காலையில் ஊதாவும் இரவில் கிறிஸ்து பிறப்புக்குரிய வெள்ளையும் தேவைப்பட்டன. இடைப்பட்ட சில மணி நேரத்துக்குள் பீடத்தை மாற்றி முடிப்பதற்குள் எங்களுக்கு மூச்சு முட்டிவிட்டது.

மறுமொழி – பாடகர் குழுப் பொறுப்பாளர்

விதியை மட்டும் வாசித்துக் காட்டிய தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஓர் ஆண்டு, "டிசம்பர் 24 இரவு வரை ஒரு பிறப்புப் பாடலும் கிடையாது" என்று அறிவித்துவிட்டு, அந்த இடத்தில் எதைப் பாடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பொதுக்காலத்தில் பாடிச் சலித்த நான்கு பாடல்களையே திரும்பத் திரும்பப் பாடினோம். பயிற்சிக்கு வந்த சிறுவர்கள் வாட்டமாகவே திரும்பினார்கள். அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த ஆண்டு வாசகங்களிலிருந்தே தொடங்கினேன். முதல் ஞாயிறின் நற்செய்தி மாட்டுத் தொழுவத்தைப் பற்றியதே அன்று. மூன்று ஆண்டுச் சுழற்சியில் எந்த ஆண்டானாலும் அது விழித்திருக்கச் சொல்கிறது, ஆண்டவர் மீண்டும் வருவதைப் பேசுகிறது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் முன்னே நிற்கிறார். நான்காம் ஞாயிறன்றுதான் மரியாவும் யோசேப்பும் வருகிறார்கள். இந்த வரிசைக்கு ஏற்ப, விழிப்பு, பாலைவனக் குரல், அன்னையின் "ஆகட்டும்" என்று பாடல்களைத் தேடினோம். தேடத் தேடக் கிடைத்தன.

ஆனால் எங்கள் பங்கை உண்மையில் மாற்றியது டிசம்பர் 17 முதல் வரும் நாள்கள்தாம். அன்று முதல் 23 வரை, திருஅவையின் மாலை மன்றாட்டான மாலைப் புகழில், மரியாவின் பாடலுக்கு முன் பாடும் சிறு வரியான முன்மொழியாக, வரவிருக்கும் மெசியாவை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயரால் அழைக்கிறோம்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இலத்தீனில் இவற்றின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் 'ஏரோ கிராஸ்', அதாவது 'நாளை இருப்பேன்' என்று வரும். இதை நான் சொன்னதும், பயிற்சியில் எப்போதும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவன் எழுந்து வந்து, கரும்பலகையில் ஏழு எழுத்துகளையும் தானே கீழிருந்து மேலாக எழுதிப் பார்த்தான். அந்த ஏழு நாள்களும் மாலைத் திருப்பலிக்கு முன் ஒரே ஒரு முன்மொழியை, இசைக்கருவி இல்லாமல், மும்முறை பாடினோம். முதல் நாள் பன்னிரண்டு பேர் இருந்தோம். கடைசி நாள் நடுப்பகுதி இருக்கைகள் நிரம்பியிருந்தன.

பிறப்புப் பாடல்களை நான் பறிக்கவில்லை, இடம்தான் மாற்றினேன். கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. ஆனால் சனவரி முதல் நாள் கழிந்ததும் பெரும்பாலும் நாம் அப்பாடல்களை மறந்துவிடுகிறோம். அந்த நாள்களை அவற்றால் நிரப்புங்கள். பயிற்சியைப் பொறுத்தவரை, டிசம்பர் முழுவதும் அவற்றைப் பாடிப் பழகத்தான் வேண்டும். பயிற்சி திருப்பலி ஆகாது.

மறுமொழி – மறைக்கல்வி ஆசிரியை

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஒரு வேண்டுகோளோடு: குடிலை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிவிடாதீர்கள். 1223-இல் புனித பிரான்சிஸ் கிரேச்சோவில் தீவனத் தொட்டியையும் மாட்டையும் கழுதையையும் வைத்துத் திருப்பலிக்கு ஏற்பாடு செய்தது, எளிய மக்கள் கண்ணால் கண்டு உணர வேண்டும் என்பதற்காகத்தான். நாங்கள் குடிலை வாரம் ஒரு பகுதியாகக் கட்டுகிறோம்: முதலில் மணலும் கல்லும், பிறகு தொழுவம், நான்காம் வாரம் மரியாவும் யோசேப்பும். தீவனத் தொட்டி இரவுத் திருப்பலி வரை வெறுமையாகவே இருக்கும். ஐந்து வயதுக் குழந்தைகள் ஒவ்வொரு ஞாயிறும் ஓடிப் போய் அதற்குள் எட்டிப் பார்க்கிறார்கள். காத்திருத்தல் என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் தனியாக விளக்கியதே இல்லை.

வாரம் ஒன்றாக நான்கு மெழுகுதிரிகளை ஏற்றும் திருவருகைக் கால வளையத்தையும் இப்படியே பயன்படுத்துங்கள். 1839-இல் செருமனியில் லூத்தரன் போதகர் யோகான் விக்கெர்ன் தம் பராமரிப்பில் இருந்த சிறுவர்களுக்காகத் தொடங்கிய வழக்கம் அது. கத்தோலிக்கர் பின்னர் ஏற்றுக்கொண்டோம். மெழுகுதிரிகளை ஆண்டுதோறும் ஒரே உயரத்துக்கு வெட்டிச் சீராக்குபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நான்காம் ஞாயிறன்று முதல் திரி விரற்கடை அளவுக்குக் குறுகி, நான்காவது முழு உயரத்தில் நிற்கும்போது, எத்தனை வாரம் காத்திருந்தோம் என்பது பார்த்தவுடனேயே தெரியும்.

மறுமொழி – பங்குப் பேரவை உறுப்பினர்

பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருள்சாதனத்தை யாரும் குறிப்பிடவில்லையே! டிசம்பர் 24 மாலையில் நீண்ட வரிசை நிற்க, ஒரே குரு அவசர அவசரமாகக் கேட்பது இருவருக்கும் துன்பம். மூன்றாம் வாரத்தில் பக்கத்துப் பங்குகளின் குருக்களையும் அழைத்து ஒரு மாலையை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மறுப்பதற்கு முன் மாற்று ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் நான் தவறவிட்டிருக்கிறேன். எங்கள் பாடகர் குழுத் தலைவியைச் சந்தித்து ஏழு முன்மொழிகளையும் கொடுத்தேன். அவரே ஒரு மெட்டு அமைப்பதாகச் சொல்லியிருக்கிறார். விண்மீன்களை முதல் மூன்று வாரங்களுக்குக் கோவிலின் வெளிமுற்றத்தில் மட்டும் தொங்கவிட இளைஞர்களும் ஒத்துக்கொண்டார்கள். குடிலுக்கான மணலை வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறோம்.