பம்ப் ஸ்டாக், பெரிய மேகசின் தடை: வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

கேள்வி: மருதன்

2024 ஜூன் 14 அன்று கார்கில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் பம்ப் ஸ்டாக் (துப்பாக்கியின் பின்னுதைப்பைப் பயன்படுத்தி வேகமாகச் சுட வைக்கும் பின்கட்டை) மீதான மத்திய அரசுத் தடையை ரத்து செய்தது. ஆனாலும் மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, ஃபுளோரிடா, நெவாடாவில் தடை தொடர்கிறதே, எப்படி? தடை வந்தபோது கையில் வைத்திருந்தவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? இன்னொன்று: நியூ ஜெர்சிக்குக் குடிபோகிறவர் 30 தோட்டா பிடிக்கும் மேகசினை (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி) 10 ஆகக் குறைத்தால் போதும் என்கிறார்கள். அதை எப்படிச் செய்வார்கள்?

பதில்: செங்கோடன்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். கார்கில் தீர்ப்பு ஆயுத உரிமை பற்றியதே அல்ல. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் இயந்திரத் துப்பாக்கி என்றால், விசையின் (டிரிகர்) ஒரே இயக்கத்தில் தானாகப் பல குண்டுகள் பாய வேண்டும். பம்ப் ஸ்டாக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் விசை மீண்டும் இயங்குகிறது. அதனால் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் தன் விதியால் அதை அந்த வரையறைக்குள் கொண்டுவர முடியாது என்றார்கள். மாநிலங்களோ அந்த வரையறையை நம்பியிருக்கவில்லை. தனிச் சட்டம் இயற்றி, அந்தச் சாதனத்தையே தடுத்திருக்கின்றன. அதனால் டெக்சஸில் வாங்கியதை ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனால் குற்றம்.

பதில்: நெய்தல்

ஒரே பொருளுக்கு இரண்டு மாநிலங்களில் நடந்ததைப் பாருங்கள். மாசசூசெட்ஸில் 2018 பிப்ரவரி 1 முதல் வைத்திருப்பதே குற்றம், தண்டனை ஆயுள் வரை போகலாம், இழப்பீடு கிடையாது. போலீஸிடம் வந்து சேர்ந்தவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். வாஷிங்டன் மாநிலத்தில் 2019 மார்ச்சில் ஒன்றுக்கு 150 டாலர், ஒருவருக்கு அதிகபட்சம் ஐந்து என்று அரசே அவற்றை வாங்கிக்கொண்டது. ஒதுக்கிய 1,50,000 டாலரும் தீர்ந்தது. ஏறக்குறைய ஆயிரம் வந்தன.

அந்தச் சாதனத்தைக் குறி தவற வைக்கும் விளையாட்டுப் பொருளாகப் பார்த்தவர்களும் தடை வந்த விதத்தை எதிர்த்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 2010இல் இதே ஏடிஎஃப்தான் இது இயந்திரத் துப்பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அதை நம்பி, காசு கொடுத்து வாங்கியவரிடம், 2018 டிசம்பரில் விதியை மாற்றி, 90 நாளில் அழித்துவிடு அல்லது ஒப்படை என்றார்கள். ஒரு காசு தரவில்லை. லாஸ் வேகஸில் 2017 அக்டோபர் 1 அன்று பம்ப் ஸ்டாக் பொருத்திய துப்பாக்கிகளால் நடந்த படுகொலைக்குப் பிறகு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கும் வழியைத்தான் எல்லா மாநிலங்களும் எடுத்திருக்க வேண்டும்.

மேகசினில் கதை வேறு. கொலராடோ 2013 ஜூலை 1 முதல் 15 தோட்டாவுக்கு மேல் பிடிப்பதைத் தடுத்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர் தொடரலாம். எது பழையது, எது புதியது என்று எப்படிப் பிரிப்பது? மேக்புல் என்ற நிறுவனத்தின் மேகசினில் வார்ப்பு ஆண்டு பதிந்திருக்கும், பல பழைய அலுமினிய மேகசின்களில் தேதியே இருக்காது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஷெரிஃப்கள் (மாவட்டக் காவல் தலைவர்கள்) வழக்குப் போட்டார்கள். அந்த செப்டம்பரிலேயே ஜான் மோர்ஸ், ஏஞ்செலா ஜிரோன் என்ற இரு மாநில செனட்டர்களை வாக்காளர்கள் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். மேக்புல் தன் உற்பத்தியை வயோமிங்கின் ஷையெனுக்கு மாற்றிக்கொண்டது.

பதில்: உலைக்களம்

மேகசின் மாற்றம் பற்றி. நியூ ஜெர்சியில் 10க்கு மேல் பிடிப்பதை வைத்திருப்பதே நான்காம் தரக் குற்றம், 18 மாதம் வரை சிறை. "நிரந்தரமாக" மாற்ற வேண்டும் என்பதுதான் முக்கியம். அடித்தட்டைத் திருகாணியால் முடுக்கினால் அது நிரந்தரம் ஆகாது.

வழக்கமான முறை: மேகசினைக் கழற்றி, ஃபாலோயர் (தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டு) ஓரளவுக்கு மேல் கீழே இறங்காதபடி உள்ளே ஒரு கட்டை வைப்பார்கள். கட்டை, அடித்தட்டு இரண்டையும் துளைத்து ரிவெட் அடித்து, விளிம்பில் எபாக்ஸி பசை பூசுவார்கள்.

கெடுவது பெரும்பாலும் கட்டையின் உயரத்தில். அதிகமானால் பத்தாவது தோட்டா நுழையாது. நுழைந்தாலும் ஸ்பிரிங்குக்கு அமுங்க இடமில்லாமல், போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் பாகம்) மூடியிருக்கும்போது மேகசின் பூட்டாது. பத்துக்குப் பிறகு சிறிது அமுங்க வேண்டும், ஆனால் பதினொன்றாவது ஏறக் கூடாது. ரிவெட் அடிப்பதற்கு முன் டம்மி தோட்டா போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள், தள்ளும் விசை குறைந்து தோட்டா சிக்கும், கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் பின்னால் நிற்காது. பாலிமர் வழவழப்பில் எபாக்ஸி ஒட்டாது. மணல்தாளால் உரசி, ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பூசுங்கள். உள்ளே வழிந்தால் ஃபாலோயரே ஒட்டிக்கொள்ளும். இத்தனையும் வேண்டாம் என்றால், தொழிற்சாலையிலேயே பத்துக்கு வார்த்த மேகசினை வாங்கிவிடுங்கள். என் கருத்தில் அதுவே நல்லது.

பதில்: செங்கோடன்

மேலே சொன்னதோடு ஒன்று: மாற்றத்தை எல்லை தாண்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். வழிப்பயணத்துக்குப் பாதுகாப்புத் தரும் 1986ஆம் ஆண்டு மத்திய சட்டம் துப்பாக்கி, தோட்டா என்றுதான் சொல்கிறது. மேகசினைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதை நம்பிப் பெரிய மேகசினோடு நியூ ஜெர்சிக்குள் போகாதீர்கள். .22 ரிம்ஃபயர் என்ற சிறிய தோட்டாவை மட்டும் பிடிக்கும், துப்பாக்கியோடு இணைந்த குழாய் மேகசினுக்கு அங்கே விலக்கு உண்டு, அதில் கை வைக்கத் தேவையில்லை.