கத்தி, டொமஹாக் (கைக்கோடாலி) வீசும் குடும்ப நண்பர்: உங்களுக்கும் யாராவது இருந்தார்களா?

சால்ட்லேக்வாசி:
எனக்கு டொமஹாக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாவோடு வேலை பார்த்த ஒரு அமெரிக்கர். பெயர் வேண்டாம், எங்களுக்கு அவர் அங்கிள். வயோமிங்கில் ஃபோர்ட் பிரிட்ஜர் ரெண்டவூவுக்கு, அதாவது பழைய தோல் வேட்டைக்காரர் சந்தையை நடித்துக் காட்டும் கூட்டத்துக்கு, போனவர்களுக்கு இந்த மாதிரி ஆட்களைத் தெரியும். மான்தோல் சட்டை, இடுப்பில் கைக்கோடாலி, 1825-லிருந்து 1840 வரை பீவர் தோல் வேட்டைக்காரர்கள் வருஷா வருஷம் கூடிய அந்தச் சந்தையைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்.

சரி, விஷயம் இதுதான். அவர் வீட்டுப் பின்பக்கம் ஒரு விருந்து. காட்டன்வுட் அடிமரத்தைக் குறுக்கே அறுத்த வட்டுதான் இலக்கு. அதில் சீட்டாடுகிற சீட்டு ஒன்றை விளிம்பு நம்மைப் பார்க்கிற மாதிரி செருகி, டொமஹாக்கால் இரண்டாகப் பிளந்தார், அப்புறம் கத்திக்கு மாறினார். எல்லோரும் கைதட்ட, வந்தவர்களில் ஒருவர் உற்சாகத்தில் ஓடிப்போய் வட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்று, "என்னைச் சுற்றி வீசுங்க" என்றார். அங்கிள் சிரிக்கவில்லை. கத்திகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டார். ஒன்றை மட்டும் திரும்ப எடுத்து, அந்த ஆளின் கட்டைவிரலைப் பிடித்துக் கத்தியின் முதுகில் வைத்தார். ஏற்கெனவே குத்தி நின்ற கத்தியில் மோதியதால் எழும்பிய பிசிறு அங்கே இருந்தது. "இன்றைக்கு எத்தனை கத்தி தெறித்துக் கீழே விழுந்தது, பார்த்தீர்கள்தானே?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் அன்று வீசவே இல்லை, விருந்தும் சப்பென்று ஆகிவிட்டது. அவர் இறந்து பல வருஷம் ஆயிற்று, அந்த முகம் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அது கோபமா, பயமா, இல்லை முன்னால் எங்காவது எதையாவது பார்த்தவரா? எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கூடாரம்:
பயம் என்றுதான் தோன்றுகிறது, தப்பாக நினைக்காதீர்கள். சர்க்கஸில் தலைமுறை தலைமுறையாக ஆளைச் சுற்றி வீசுகிறார்கள். 1938-லேயே ரிங்லிங் சர்க்கஸில் கிப்சன் ஜோடி சுழலும் சக்கரத்தில் ஆளைக் கட்டிவைத்து வீசிக் காட்டினார்கள். சீட்டைப் பிளக்கிறவருக்கு ஒரு ஆள் அகலம் எவ்வளவு பெரிய இடைவெளி!

ஒஹாயோக்காரி:
கூடாரம், அது வேறு, இது வேறு. சர்க்கஸில் எதிரே நிற்பவர் வீசுபவரோடு வருஷக்கணக்கில் பழகினவர், பாதி நேரம் மனைவியே. எப்போது மூச்சு விடவேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும். விருந்துக்கு வந்தவர் குடித்துவிட்டு வந்து நின்றால்? என் கணவரின் நண்பர் ஒருவர் வீசுவார். அவர் வீசிய டொமஹாக்கின் காம்பு மட்டும் வட்டில் பட்டு, முழுக் கோடாலியும் அவர் காலடிக்கே திரும்பி வந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் பேசிக்கொண்டே ஓரடி தள்ளி நின்றார், அவ்வளவுதான். பார்த்த எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கூடாரம்:
நான் குடித்தவரைப் பற்றிச் சொல்லவில்லை. திறமை பற்றிச் சொன்னேன்.

மரவட்டு:
என் கதை சின்னது. எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா நான் வீசும்போதெல்லாம் கையைத் திருத்தவே மாட்டார், தோளைப் பிடித்து அரையடி பின்னால் நகர்த்துவார், அவ்வளவுதான், குத்திவிடும்.

ஆனால் இதைப் படிக்கிற யாராவது நாளைக்கே கொல்லையில் ஆரம்பிப்பார்கள், அதனால் சொல்கிறேன். பலகையில் வீசாதீர்கள், தெறிக்கும். பாப்ளர், காட்டன்வுட் மாதிரி மென்மரத்தின் அறுத்த முகத்தில் வீசுங்கள், நார் விலகிக் கத்தியை உள்ளே விடும். வட்டை லேசாகப் பின்னால் சாய்த்து வையுங்கள். கத்திக்கு 2 மீட்டரில் அரைச் சுற்று, 3 மீட்டரில் முழுச் சுற்று, நுனி மட்டும் கூர்மை போதும், விளிம்பு மழுங்கலாகவே இருக்கட்டும். சமையல் கத்தி கூடவே கூடாது, முறியும். டொமஹாக்குக்கு 12 அடியிலிருந்து 15 அடிக்குள் ஒரு சுற்று வரும், காம்பு நீளத்தைப் பொறுத்தது. குத்தினபோது கோடாலியின் காம்பு மேல்நோக்கி நின்றால் சுற்று அதிகம், அரையடி முன்னால் வாருங்கள். காம்பின் அடி வட்டின் பக்கம் கீழே சாய்ந்தால் சுற்று குறைவு, பின்னால் போங்கள். பலம் போட்டு வீசவே வேண்டாம், மணிக்கட்டைச் சுண்டவும் வேண்டாம். காம்பு பிக்காசுக்குப் போடுவது மாதிரி மேலிருந்து இறக்கிப் போட்டது, அதனால் தலை தளர்ந்தால் தலைகீழாகப் பிடித்துத் தரையில் தட்டினால் இறுகும். வீசும் முன் ஒவ்வொரு தடவையும் பார்க்கணும். பார்க்கிறவர்கள் நமக்குப் பின்னால்தான் நிற்கணும், பக்கத்தில் கூடாது.

இன்னொன்று, சால்ட்லேக்வாசி: பிசிறு உள்ள கத்தியை உங்கள் அங்கிள் எப்படி வீசினார்? கை கிழியும். முதலில் அரம் போட்டிருக்க வேண்டும்.

சால்ட்லேக்வாசி:
அரம் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எடுத்துத் தேய்ப்பார். அந்தப் பிசிறு அப்போதுதான் வந்தது, கடைசியாக வீசிய கத்தியில். கூடாரம், அவர் சீட்டைப் பிளந்தது முதல் வீச்சில் இல்லை. அதையும் சேர்த்து யோசியுங்கள்.