வெட்டிய புல்லை மழைக்காலத்தில் மட்க வைப்பது எப்படி?

குழு உறவுகளுக்கு வணக்கம். பினாங்கு, சுங்கை ஆராவிலுள்ள எங்கள் தரை வீட்டில் இரு வாரங்களுக்கு ஒருமுறை புல் வெட்டும்போது மூன்று சாக்கு நிறையச் சேர்கிறது. தழைச்சத்து மிகுந்த அந்தப் புல்லைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ்த் திறந்தவெளி எரிப்புக்குத் தடை இருப்பதால் கொளுத்தவும் கூடாது.

பொடியாக வெட்டித் தரையிலேயே விட்டுவிடுவதுதான் சிறந்த வழி என்பதை அறிவேன். ஆனால் அக்டோபர் மழையில் நீண்டு வளர்ந்த புல்லை ஈரத்தோடு வெட்டும்போது, அது கட்டிகட்டியாகப் படிந்து அடியிலுள்ள புல்லை மஞ்சளாக்கிவிடுகிறது. சென்ற மாதம் மாமரத்தடியில் குவித்து வைத்தேன். நான்கே நாளில் உட்பகுதி சூடேறிக் கொழகொழவென்றாகி, அம்மோனியா நெடி அடுத்த வீடுவரை சென்றது. அந்த அக்கா பொறுமையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் மிகவும் சங்கடமாகிவிட்டது. காய்ந்த இலை கலக்காததும் காற்றோட்டம் இல்லாததும் காரணம் என்று இப்போது புரிகிறது.

ஒரு பங்கு புல்லுக்கு எத்தனை பங்கு காய்ந்த இலை சேர்க்கிறீர்கள்? கொசு பெருகும்படி நீர் தேங்காமல் குவியலை எதனால் மூடுகிறீர்கள்? முருங்கை, கறிவேப்பிலை அடியில் மூடாக்காக இடுவதானால், எவ்வளவு நாள் உலர்த்திய பிறகு, எத்தனை அங்குலம் இடலாம்? செய்து பார்த்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.