அலர்ஜி மாத்திரையும் அடங்காத பசியும்: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம். கோவையில இருக்கேன், வயசு 38. பார்த்தீனியச் செடி, வீட்டுத் தூசி ரெண்டுமே எனக்கு ஆகாது. காலையில எழுந்ததும் இருபது தும்மல், மூக்கு ஒழுகல். அஞ்சு மாசமா ராத்திரி ஒரு லெவோசிட்ரிசின் போடறேன். தும்மல் நின்னுடுச்சு, ஆனா பசி அடங்க மாட்டேங்குது. ரெண்டு தோசையோட எழுந்திருக்கிறவ இப்ப நாலு சாப்பிட்டுட்டு அஞ்சாவதுக்குத் தட்டை நீட்டறேன். எடை 58-லிருந்து 63.

மாத்திரைதான் காரணமா, சாயங்கால நடை நின்னுபோனதான்னு தெரியலை. பசி எடுக்காத குழந்தைங்களுக்கு டாக்டர் எழுதற சைப்ரோஹெப்டடினும் அலர்ஜி மருந்துதானே, அதான் சந்தேகம். (மாமியார் "இப்பதான் பூசினாப்ல இருக்கே"ன்னு சந்தோஷப்படறாங்க, அது வேற கதை.)

ஃபெக்ஸோஃபெனடின்ங்கிற வேற அலர்ஜி மாத்திரைக்கோ மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரேவுக்கோ மாறினவங்க இருக்கீங்களா? பசி குறைஞ்சுதா, தும்மல் திரும்ப வந்துச்சா? ஸ்ப்ரே வேலை செய்ய எத்தனை நாள் ஆச்சு? ராத்திரி பத்து மணிப் பசிக்கு என்ன சாப்பிடறீங்க?

நானா மாத்திரையை நிறுத்த மாட்டேன். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கறேன், அதுக்குள்ள என்னென்ன கேட்கணும்னு எழுதி வச்சுக்கணும்.