ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் (சிறிய பலகையில் அடங்கிய கணினி) வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் நான் சொல்கிறேன். சிஎம்4, அதாவது கம்ப்யூட் மாட்யூல் 4-ஐ, யூஎஸ்பி, திரை போன்றவற்றுக்கான இணைப்புகள் உள்ள கேரியர் போர்டில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன், டிக் என்று உட்கார்ந்தது, திரையில் டெஸ்க்டாப்பும் வந்தது, ஆனால் கீபோர்டு, மவுஸ் இரண்டுக்கும் உயிரே இல்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன், அடாப்டரை மாற்றிப் பார்த்தேன், இரண்டு நாள் போராடியபின் மாட்யூல் போய்விட்டது என்றே முடிவு கட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியில் போட்டுவிட்டேன். அப்புறம்தான் கையேட்டைத் திறந்தேன். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று இதில் யூஎஸ்பி 2.0-ஐ அணைத்தே வைத்திருக்கிறார்கள், கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும். நான் போட்டிருந்தது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பழைய இமேஜ் ஃபைல், அதில் அந்த வரி இல்லை.

இத்தனைக்கும் அப்புறமும் எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் பிசிஎம்2711 ப்ராசசர். ராஸ்பெரி பை 4-இல் இருக்கும் அதே சிப்தான், நான்கு ஏ72 கோர், 1.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அங்கே அதன் ஒரே பிசிஐஇ லேனை (வேகமாகத் தரவு போகும் பாதை) யூஎஸ்பி 3 சிப் எடுத்துக்கொள்கிறது, இங்கே அந்த லேன் நம் கைக்கே வருகிறது. நான் அதில் என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) போட்டிருக்கிறேன். பிசிஐஇ-இன் இரண்டாம் தலைமுறை (ஜென் 2), ஒரே லேன் என்பதால் கணக்குப்படியே விநாடிக்கு 500 எம்பியைத் தாண்டாது, மெமரி கார்டோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய விஷயம்.

—

எனக்கு நடந்தது வேறு. இஎம்எம்சி (பலகையிலேயே பதித்த சேமிப்பு சிப்) உள்ள மாட்யூலை வாங்கிவிட்டு, போர்டில் இருந்த ஸ்லாட்டில் மெமரி கார்டைச் செருகி பூட் ஆகும் என்று காத்திருந்தேன். ஆகாது. இஎம்எம்சி இருந்தால் அந்த ஸ்லாட் வேலை செய்யாது, கார்டிலிருந்து ஓட்ட வேண்டுமானால் இஎம்எம்சி இல்லாத லைட் மாடல்தான் வாங்க வேண்டும். கடைசியில் போர்டில் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் துண்டு) போட்டு, லேப்டாப்பில் இணைத்து, யூஎஸ்பி வழியாக இமேஜை ஏற்றினேன்.

—

அடுத்த தலைமுறையான சிஎம்5-க்கு மாறுகிறவர்கள் சூட்டை முதலில் யோசியுங்கள். அதே 55-க்கு 40 மில்லிமீட்டர் அளவுதான், பழைய போர்டில் உட்காரும், சில பின்கள் மட்டும் மாறியிருக்கின்றன. ஆனால் இதன் பிசிஎம்2712 சிப் நான்கு ஏ76 கோரை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறது. நான் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் மூடிய பெட்டிக்குள் வைத்து, ப்ராசசருக்குக் கடும் வேலை தரும் கெர்னல் கம்பைல் பண்ணினேன், கொஞ்ச நேரத்தில் 80 டிகிரியைத் தாண்டி வேகம் தானாகக் குறைய ஆரம்பித்துவிட்டது. சின்ன ஃபேன் ஒன்று வைத்தேன், அதே வேலை ஒரே சீராக ஓடி முடிந்தது.