"இது தவறு" என்று அதிகாரி சொல்லும்போது கேப்டன் என்ன செய்கிறார்?

கேள்வி:
வணக்கம். ஸ்டார் டிரெக் என்னும் விண்வெளிக் கப்பல் தொடர்களை வரிசையாகப் பார்த்து வருகிறேன். கேப்டன்களில் கிர்க் துணிச்சல்காரர், பிக்கார்ட் நிதானமானவர் என்று பிரிப்பதோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு நிறைவில்லை. தம் கீழ்ப் பணிபுரியும் அதிகாரி மறுத்துப் பேசும்போது கேப்டன் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டுதான் அவரை எடைபோட வேண்டும் என்று தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் நீங்கள் யாருடைய கப்பலில் பணியாற்ற விரும்புவீர்கள்?

பதில் 1:
தயங்காமல் பிக்கார்டின் கப்பலில். அதிகாரிகளை மேசையைச் சுற்றி அமர்த்திக் கருத்துக் கேட்பார். கேட்டபின் முடிவும் பொறுப்பும் அவருடையவை. அவருடைய அருமை விளங்குவது அவர் இல்லாதபோதுதான். 1992இல் ஒளிபரப்பான இரண்டு பகுதிக் கதையில் அவருடைய இடத்துக்கு வரும் ஜெலிக்கோ, மூன்று ஷிப்டுகளை நான்காக மாற்றச் சொல்கிறார். துறைத் தலைவர்கள் சிரமத்தைச் சொன்னதால் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான ரைக்கர் அதை நிறைவேற்றாமல் வைத்திருக்க, உறவு அங்கேயே கசந்துபோகிறது. பின்னர் ரைக்கரைப் பணியிலிருந்து விலக்கிய அதே ஜெலிக்கோ, ஆபத்தான ஒரு பயணத்துக்கு அவரைவிடச் சிறந்த விமானி இல்லை என்பதால், அவருடைய அறைக்கே சென்று கேட்க நேர்கிறது.

பதில் 2:
ஜெலிக்கோவுக்கு இது அநீதி. கார்டாசியர்கள் என்னும் எதிரி இனத்துடன் போர் மூளவிருந்த வேளை அது. அவர்களைப் பின்வாங்க வைத்துப் பிக்கார்டை மீட்டவரும் அவரே. உத்தரவு நிறைவேறவில்லை என்பதை அவராகக் கேட்டறியும்வரை ரைக்கர் சொல்லாதிருந்தது பெரும் பிழை. கிர்க்கையும் எளிதாகக் கடந்துவிட வேண்டாம். 1966இல் ரோமுலன் என்னும் எதிரி இனத்தைப் பற்றி வந்த கதையில், அவர்களைப் போன்ற தோற்றமுள்ள தம் அதிகாரி ஸ்பாக்கை ஐயுறும் மற்றோர் அதிகாரியிடம், காழ்ப்பை அறையிலேயே விட்டு வரும்படி எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கிறார்; தம் சொந்த ஐயங்களையோ மருத்துவர் மெக்காயிடம் தனிமையில்தான் சொல்கிறார். எதை எங்கே பேசுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பதில் 3:
வாயேஜர் தொடரின் கேப்டன் ஜேன்வேயை யாரும் சொல்லவில்லையே! 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் சிக்கிக்கொண்டவர், தாம் பிடிக்கச் சென்ற மாக்கி கிளர்ச்சியாளர்களின் தலைவரான சகோட்டேயையே தமக்கு அடுத்த அதிகாரியாக்கினார். மறுத்துப் பேசும் ஒருவரை அருகிலேயே வைத்துக்கொள்ள மிகுந்த மனவலிமை வேண்டும். ஆனால் 1996இல் வந்த டூவிக்ஸ் கதையை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அவருடைய குழுவினரான டூவாக்கும் நீலிக்ஸும் விபத்தில் ஒன்றாகி உருவான அந்த மனிதன், தன்னைப் பிரிக்க வேண்டாம் என்று கட்டளைத் தளத்தில் கெஞ்சியபோது அங்கிருந்த எவரும் வாய் திறக்கவில்லை. மறுத்தவர் கப்பலின் மருத்துவர் ஒருவர்தான். ஜேன்வே அவரைக் கட்டாயப்படுத்தாமல், வேறு எவர் கையிலும் ஒப்படைக்காமல், தாமே அதைச் செய்து முடிக்கிறார். அந்தப் பொறுப்புணர்வை மதிக்கிறேன். ஆயினும் சகோட்டே அன்று பேசியிருக்க வேண்டும்.